நாற்பத்தொன்று என்றே சொன்ன பெட்டிகள்

நாங்கள் செய்கிற பெட்டி ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மேலே பிஸ்கட் அகலத்துக்கு ஒரு சோலார் தகடு, உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சிப், ஒரு ரேடியோ. அடியிலிருந்து இரண்டு கம்பிகள் இறங்கி மண்ணுக்குள் போகும். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்து அது பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். அந்தப் பெட்டி தன் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். இப்படிக் கைமாறிக் கைமாறித் தோட்டக்காரர் வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய பெட்டிக்கு வந்து, அங்கிருந்து சிம் கார்டு வழியாக என் ஃபோனுக்கு, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணாக வந்து சேரும்.

பெட்டியை வடிவமைத்தவர் கோயம்புத்தூரில் இருக்கும் என் கூட்டாளி. எப்போது தூங்குவது, எப்போது எழுவது, எப்போது பேசுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் சாஃப்ட்வேர் என்னுடையது. அதை எழுதுவதற்காகவும், எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வதற்காகவும்தான் சோளக்காடு என்கிற மலையூரில் ஒரு பழக்கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன்.

இந்தப் பெட்டிகளின் வாழ்க்கை முழுக்கச் சிக்கனம். கால் மணிக்கு ஒருமுறை கண் விழிக்கும், இரண்டு வினாடி வேலை, மறுபடி தூக்கம். பேசினால் பேட்டரி கரையும். பேசாமல், யாராவது பேசுகிறார்களா என்று காதைத் திறந்து வைத்திருந்தாலும் ஏறக்குறைய அதே அளவு கரையும். மண்ணிலிருக்கும் கம்பிக்கு மின்சாரம் கொடுத்து அது நிதானத்துக்கு வரும்வரை காத்திருப்பதும் செலவுதான். உள்ளுக்குள்ளேயே கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு மட்டும் செலவே இல்லை என்று சொல்லலாம். முதன்முதலாக இதைப் படித்துப் புரிந்துகொண்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு யோசிப்பதிலேயே எல்லாம் கரைந்துபோகிறது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து அறைக்குத் திரும்பி நடந்த நாட்கள் எத்தனையோ.

ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. பரீட்சை நாட்களில் விடிந்ததும் வாந்தி எடுப்பேன். ஒருநாள் பள்ளிக்கூட வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தவன், அதற்கப்புறம் போகவே இல்லை. ராசிபுரத்தில் ஒரு செல்ஃபோன் கடையில் பழுது பார்க்கச் சேர்ந்தேன். அங்கே பிடித்த பைத்தியம்தான் இந்தச் சிப்பெல்லாம். அவற்றின் கையேடுகளை ஒவ்வோர் இங்கிலீஷ் சொல்லாக ஃபோனில் தேடிப் படித்தேன். எந்த வரி புரியவில்லையோ அந்த வரியில்தான் ஆபத்து இருக்கும் என்று ஒரு பயம், அதனால் ஒரு வரியையும் விட்டதில்லை. அந்தப் பயம் என்னை இந்த வேலைவரை கொண்டுவந்து சேர்த்தது. முறையாகப் படித்த யாராவது என் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயமும் கூடவே வந்துவிட்டது. எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் சாஃப்ட்வேரில் ஒரு பயத்துக்கு நாலு வரி இருக்கும். மின்னலில் ரேடியோ மயங்கிப்போனால் மறுபடி எழுப்ப நாலு வரி. சாஃப்ட்வேர் ஒரே வரியில் சிக்கிக்கொண்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் பெட்டி தன்னைத்தானே அணைத்து ஏற்றிக்கொள்ள ஆறு வரி. எறும்பு கூடு கட்டினால் என்ன செய்வது என்றுகூட யோசித்தேன். அதற்கு வரி எழுத முடியாது என்பதால் டப்பா விளிம்பில் வேப்பெண்ணெய் தடவினேன்.

இத்தனையிலும் பெரிய பயம், ஃபோன் திரையில் எண் வரவேண்டிய இடத்தில் வருகிற ஒரு சின்னக் கோடுதான். பேட்டரி இறங்கியிருந்தால் பெட்டி மண்ணைப் பார்க்காது. பார்க்காதபோது எண் இருக்காது. எண் இல்லாவிட்டால் கோடு. அதே மலையில் வாழவந்தி நாடு என்கிற கிராமத்தில், ஒரு மிளகுத் தோட்டத்தில் முதன்முதலாகப் பத்துப் பெட்டிகளை நட்ட புதிதில், வீட்டுச் சுவரில் நான் மாட்டிக்கொடுத்த சின்னத் திரையைப் பார்த்துத் தோட்டக்காரர் வாரத்துக்கு மூன்று முறை கூப்பிடுவார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏனுங்க தம்பி, மூணாவது பெட்டி கோடு போட்டுருச்சு. செத்துப்போச்சுங்களா?"

"இல்லீங்கண்ணா. தூங்கிட்டிருக்கும்."

"பகல்லயா?"

"ராத்திரி சரியாத் தூங்கலையோ என்னமோ."

"அப்ப அது உங்களாட்டம்தான்னு சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டு வைத்துவிடுவார். நான் மறுபடி ஃபோனை எடுத்துத் திரையைப் பார்ப்பேன். கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் விடை எழுதாமல் விட்ட கேள்வித்தாளைப் பார்ப்பது மாதிரி இருக்கும். அதனால் ஒருநாள் புதிதாக ஒரு விதி எழுதினேன். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் பெட்டி மண்ணைப் பார்க்க வேண்டாம், கடைசியாகப் பார்த்த எண்ணையே திரும்ப அனுப்பினால் போதும் என்று. மண் என்ன கால் மணியில் மாறிவிடவா போகிறது, வெயில் வந்து பேட்டரி ஏறியதும் புது எண் வந்துவிடும் என்று நினைத்தேன். அதோடு கோடு நின்றது. அண்ணனின் ஃபோனும் நின்றது. நான் நன்றாகத் தூங்கினேன்.

பழைய எண்ணை எத்தனை முறைவரை அனுப்பலாம் என்று மட்டும் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் எல்லை போடுகிறவன் அதற்குப் போடவில்லை. கால் மணி, மிஞ்சினால் அரை மணி என்றுதான் மனதில் இருந்தது. மனதில் இருப்பது பெட்டிக்குத் தெரியாது.

அந்தத் தோட்டத்தில் எழுபது மிளகுக் கொடிகள். மேல்சரிவில் முப்பது, கீழ்ச்சரிவில் நாற்பது, எல்லாம் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றியவை. எழுபதையும் நட்டவர் அண்ணனின் மனைவி. அந்த அக்கா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பத்தும் பதினைந்துமாக நட்டு வளர்த்தது. அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கொடியை யார் நட்டார்களோ அவர்கள் கைதான் அதன் அடியைத் தொட வேண்டும். மண் அணைப்பது, தழை போடுவது, வேரைக் கிளறிப் பார்ப்பது எல்லாம் நட்டவர் பாடு. அண்ணன் ஏணி வைத்து மிளகு பறிப்பதோடு சரி. நான் பெட்டிக் கம்பிகளை இறக்கக் குழி எடுத்தபோதுகூட அக்காதான் கடப்பாரையை வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

போன ஐப்பசியில் மழை தள்ளிப்போனது. கீழ்ச்சரிவில் ஈரம் தங்கட்டும் என்று வடிகால் வாய்க்காலின் வாயை அக்கா மண் போட்டு அடைத்து வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நாமக்கல் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். அண்ணன் துணைக்குப் போக வேண்டும். பஸ் சோளக்காட்டில் நின்றபோது நான் ஜன்னலோரம் போய் நின்றேன்.

"தம்பி, வாய்க்கா வாய அடைச்சுத்தான் வெச்சிருக்கறேன். மழ புடிச்சுக்கிச்சுன்னா தொறந்து உடோணும். மொளகுக் கொடி காலுல தண்ணி நின்னா ஆகாது" என்றார் அக்கா.

"பெட்டி பாத்துக்கும்ங்க அக்கா. எண்ணு அறுபதத் தாண்டுனா ஒடனே அண்ணனுக்குச் சொல்றேன்."

அண்ணன் அந்தப் பக்க சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "நீங்க எனக்குச் சொல்லுங்க தம்பி, நான் பங்காளிக்கு ஒரு ஃபோனப் போட்டா அவன் போயித் தொறந்து உட்ருவான். சொல்லாமத் தொட மாட்டான். இவ தோட்டமாச்சே."

"உங்கள நம்பித்தான் போறேன் சாமி" என்றார் அக்கா.

பெட்டியை நம்பிப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அவர்கள் போன மறுநாள் மழை பிடித்தது. கூடவே மூடுபனி. மதியம் பன்னிரண்டு மணிக்கு லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. ஒரு நாளல்ல, ஒன்பது நாள். நான் எப்போது பார்த்தாலும் ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்ச்சரிவின் நான்கு பெட்டிகளுடைய சராசரி திரையில் ஒரே எண்ணாக வரும். அது நாற்பத்தொன்று. காலையில் நாற்பத்தொன்று. மதியம் நாற்பத்தொன்று. மேல்சரிவில் மரம் குறைவு, அங்கே வெளிச்சம் கொஞ்சம் விழும், அந்தப் பெட்டிகள் ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று ஏறிக்கொண்டிருந்தன. கீழே மட்டும் அசையவே இல்லை.

அசையாததைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிம்மதிதான் வந்தது. இந்த மலையில் இங்கே கொட்டுகிற மழை அடுத்த சரிவில் தூறலோடு நின்றுவிடும். அதனால் இருக்கும் என்று நினைத்தேன். கீழே மரம் அடர்த்தி, மழை தரைக்கு இறங்கவில்லை என்றும் நினைத்தேன். மேலே ஐம்பத்தைந்து என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகும், கீழேதானே ஓடும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கேஸ் அடுப்புக்காகத் திரும்பி நடக்கிற எனக்கு அது தோன்றவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் கூப்பிடுவார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. அக்காவுக்குப் பேச முடிந்த நாளிலிருந்து அவரே ஃபோனை வாங்கிக்கொள்வார்.

"என்ன தம்பி சொல்லுது பெட்டி?"

"நாப்பத்தொண்ணுங்க அக்கா. நல்லாருக்குது."

"இங்க பக்கத்து பெட்டுக்காரம்மா கேக்குது, தெனமும் நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணுங்கறீங்களே, அது சக்கரையான்னு."

"அய்யோ, சக்கர நாப்பத்தொண்ணு இருந்தா ஆளு மயங்கிருக்கும்."

"அதத்தான் அந்தம்மாளும் சொல்லுது. நான் சொன்னேன், அது எனக்கில்லீங்க, எங்கூட்டுக் கொடிக்குன்னு." சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும் என்று பின்னாலிருந்து அண்ணன் அதட்டுவது கேட்கும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமே என்று கிளம்பினேன். பஸ்ஸுக்கு நின்றபோது நான்கு முறை ஃபோனை எடுத்துப் பார்த்தேன். கீழ்க்கடையில் வாழைப்பழம் விற்கிற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஃபோன இப்பிடித் தடவித் தடவிப் பாக்கறீங்களே. ஊட்டுல கொழந்த பொறந்திருக்குதா?"

"இல்லீங்க. மொளகுத் தோட்டம்."

"உங்குளுதா?"

"இல்லீங்க."

"அடுத்தவங்க தோட்டத்துக்கு இத்தன கவலப்படற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

நாற்பத்தொன்று என்றது ஃபோன். பஸ் தாமதம். மழை வலுத்தது. எண்ணைத்தான் இங்கிருந்தே பார்க்க முடிகிறதே, எதற்குப் போய் நனைவது என்று அறைக்கு ஏறிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அந்தப் பங்காளி வாழைத்தார் போட வந்தவர், என் அறைக்குக் கீழே நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்க, நீங்கதான் பெட்டிக்காரருங்களா? அண்ணன் தோட்டத்துக்கு ஒண்ணும் சொல்லலீங்களா? ரெண்டு நாளா நெனச்சுட்டே இருந்தேன், நேத்துத்தான் அந்தப் பக்கம் எறங்கிப் பாத்தேன். கீழ எறங்கக் கால் வெச்சா சேறு முழங்கால வாங்குது."

"எண்ணு நாப்பத்தொண்ணுதாங்க காட்டுது."

"அப்ப பெட்டிக்கு என்னமோ ஆயிருச்சுங்க" என்றார் மரியாதையாக.

அவர் பைக்கிலேயே போனோம். வழியில்தான் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். வாயைத் திறக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. "தொறக்கச் சொல்லுங்க, தொறக்கச் சொல்லுங்க" என்று இரண்டு முறை சொன்னார். பங்காளி மம்பட்டியோடு இறங்கி வாய்க்கால் வாயைக் கொத்திவிட்டார். தண்ணீர் செம்மண் நிறத்தில் வெகுநேரம் ஓடியது. கீழ்ச்சரிவு முழுக்கக் கொடிகளின் அடியில் தண்ணீர் தேங்கி, அதில் சருகுகள் மிதந்துகொண்டிருந்தன. நான் முதல் பெட்டியை மரத்திலிருந்து கழற்றி, கேபிள் மாட்டி உள்ளே பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை. அவர்கள் ஊருக்குப் போன மறுநாளே மூடுபனியில் பேட்டரி இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து நான் சொன்னதைத்தான் அது செய்திருக்கிறது. கணக்குப் போட்டால் எழுநூற்றுச் சொச்சம் முறை எழுந்து, மண்ணைப் பார்க்காமல், நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கிறது. நான்கு பெட்டிகளும் அப்படியே.

சாஃப்ட்வேரைத் திருத்த ஒரே வரிதான் தேவைப்பட்டது. நான்கு முறைக்கு மேல் பழைய எண் கூடாது, கோடு போடு. அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தே எழுதிவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் வெயிலும் வந்தது. புது சாஃப்ட்வேர் ஒவ்வொரு பெட்டியாகக் கைமாறிப் போய்ச் சேர்ந்தது. பத்துப் பெட்டிகளும் சமர்த்தாக வாங்கிக்கொண்டன. அன்று மாலை கீழ்ச்சரிவின் எண் எண்பத்தெட்டு என்று வந்தது. உண்மையான எண். அதற்கு அடுத்த நாள் எண்பத்தைந்து. எல்லாம் மிகச் சரியாக வேலை செய்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

கொடிகளைப் பார்த்தால் ஒன்றுமே ஆகாத மாதிரி இருந்தன. இலையெல்லாம் கரும்பச்சை. சரம் சரமாகப் பிஞ்சு மிளகு. தோட்டக்கலை ஆபீஸிலிருந்து ஒரு மேடத்தை அழைத்து வந்தேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், இந்த மலைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இப்ப பாக்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வேருக்குள்ள என்ன நடந்திருக்குன்னு இலை சொல்லும். அதுக்குப் பத்து இருபது நாள் ஆகும்."

"அதுக்குள்ள என்ன பண்ணலாம் மேடம்?"

"அடியில மருந்து ஊத்துவோம். அழுகல் ஏற்கெனவே உள்ள போயிருந்தா மருந்தால ஒண்ணும் ஆகாது."

"உள்ள போயிருச்சான்னு எப்படித் தெரிஞ்சிக்கறது?"

"தோண்டிப் பாத்தா தெரியும். தோண்டுனா வேர் அறுபடும். அறுபட்ட இடம் வழியா உள்ள போகும்."

அவர் மரத்திலிருந்த பெட்டியைப் பார்த்து, "உங்க பெட்டி சொல்லாதா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஈரம் மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன்.

மருந்து வந்தது. ஊற்றுவதற்கு ஆளிருந்தது. அடியை அக்காவைத் தவிர யார் தொடுவது என்று பங்காளி தயங்கியதால், அண்ணன் ஃபோனில் அக்காவிடம் கேட்டு, அக்கா சரி என்று சொன்ன பிறகுதான் ஊற்றினோம். அக்காவுக்கு அப்போது முழு விஷயமும் சொல்லவில்லை. தையல் பிரித்து ஊருக்கு வரட்டும் என்றார் அண்ணன். அவர்கள் ஊருக்கு வரும்வரை மூன்று நாளும் சாயங்கால ஃபோன்களில் அண்ணனே பேசினார். எண்ணைக் கேட்கவில்லை.

அவர்கள் வந்து இறங்கிய அன்று நான் அந்த வீட்டில் இருந்தேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அதற்குள் மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். அண்ணனே, "தம்பி என்னமோ சொல்லோணுமாம்" என்று ஆரம்பித்துக் கொடுத்தார்.

சொன்னேன். பேட்டரி, மூடுபனி, விதி, எல்லை போடாதது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எதையாவது விட்டுவிட்டால் அது தப்பித்துக்கொள்வது மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, தேவையில்லாததையும் சொன்னேன். அக்கா குறுக்கிடவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப தெனமும் நீங்க சொன்ன நாப்பத்தொண்ணு, அது எந்த நாளோடது?"

"நீங்க போன மறுநாளோடதுங்க அக்கா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் அங்க படுத்துட்டு அப்பிடித்தான் நெனச்சுட்டு இருந்தேன். பஸ்ஸு ஏறறப்ப பாத்துட்டுப் போன தோட்டந்தான் கண்ணுல இருந்துச்சு. அங்க மழன்னு அவரு சொன்னப்பகூட, எங்கண்ணுக்குள்ள தோட்டம் நனையல."

அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீங்க வேணும்னேவா பண்ணுனீங்க, உடுங்க" என்றார். திட்டியிருந்தால் நான் உட்கார்ந்திருக்க முடிந்திருக்கும். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த பதினைந்து நாளும் தினம் காலை பஸ்ஸில் போனேன். போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கொடியாகப் பார்த்துக்கொண்டு வருவேன். சாதாரணமாக மஞ்சளாகும் இலையைப் பார்த்தாலும் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்புவேன். "இது பழுத்த இலைங்க, பயப்படாதீங்க" என்று பதில் வரும். மூன்று தரம் அப்படி வந்ததும் நிம்மதியாக இருந்தது. நாலாவது படத்துக்குப் பதில் வரவில்லை, அவரே வந்துவிட்டார். இலை நுனியிலிருந்து கறுப்பு ஏறியிருந்தது. தண்டைத் தொட்டால் கணு கணுவாகக் கழன்று கையோடு வந்தது. அடுத்த வாரத்துக்குள் கீழ்ச்சரிவில் இருபத்தேழு கொடிகள் அப்படி ஆகின. பிஞ்சு மிளகு சரத்தோடு உதிர்ந்து கிடந்தது. ஃபோனில் ஈரம் நாற்பத்து மூன்று, மிக நல்ல அளவு.

மேல்சரிவைக் காப்பாற்ற வேண்டுமானால் கீழே நோய் கண்டதையும், அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பதையும் வேரோடு எடுத்து எரிக்க வேண்டும் என்றார் மேடம். வரப்பு மாதிரி இரண்டு சரிவுக்கும் நடுவில் ஒரு கொடியில்லாத இடைவெளி வேண்டுமாம். துண்டு வெட்டி வேறெங்கும் நடவும் கூடாது.

அன்று அக்கா இறங்கி வந்தார். படி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். "நீ இங்கிருந்தே சொன்னாப் போதாதா?" என்றார். "என்னத்தச் சொல்றது, எண்ணையா?" என்றார் அக்கா திரும்பாமல். பிறகு நான் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு, "உங்களச் சொல்லல தம்பி" என்றார். ஒரு கல்லில் சாக்கை விரித்து உட்கார வைத்தோம்.

அவர் கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். அண்ணன் வெட்டினார், பங்காளி வேரைப் பறித்தார், நான் இழுத்துக்கொண்டு போய்க் குவித்தேன். நோய் கண்ட வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தன. வாடை அடித்தது. அக்கா சிலவற்றைக் காட்டும்போது மட்டும், "இது பெரியவ பொறந்த வருசம்", "இது ரெண்டு தரம் காஞ்சுட்டுத் தழைஞ்சது" என்று சொன்னார், எங்களுக்கென்று இல்லாமல்.

மதியம் தாண்டி மேல்சரிவுக்கு நெருங்கியபோது ஒரு கொடி இருந்தது. ஓர் இலையிலும் கறுப்பு இல்லை. சரம் கனத்துத் தொங்கியது. அதன் இரண்டு பக்கத்திலும் எடுத்தாகிவிட்டது. பங்காளி அதன் முன்னால் போய் நின்றுவிட்டு, அக்காவைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். இந்தக் கொடிக்கு நேரே என் பெட்டிகளில் ஒன்று, தன் வேலையைச் செய்தபடி மரத்தில் இருந்தது.

"இதுக்குள்ள பூந்திருச்சா இல்லியான்னு ஏதாச்சும் வழி இருக்குங்களா தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"இல்லீங்க அக்கா. எனக்குத் தெரியல."

"உங்குளுக்கு என்ன தோணுது?"

விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அந்த இலைகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒன்பது நாள் எனக்குத் தோன்றியதையெல்லாம் நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். அக்கா நிமிர்ந்து மேல்சரிவைப் பார்த்தார். மேலே முப்பது கொடிகள் காற்றில் அசைந்தன.

"எடுத்துருங்க" என்றார். பங்காளி அசையவில்லை. "தம்பி, நீங்க எடுங்க."

எனக்கு அந்த வேலை பழக்கமில்லை. பங்காளி மம்பட்டியைக் கொடுத்தார். அடியைச் சுற்றி வெட்டிவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். எளிதாக வரவில்லை. அண்ணன் வந்து கூடப் பிடித்தார். மண்ணைப் பெயர்த்துக்கொண்டு ஒரேயடியாக வந்தது, நான் பின்னால் விழுந்தேன்.

வேர் முழுக்க வெள்ளையாக இருந்தது. நுனிவரை வெள்ளை. ஓர் இடத்தில்கூடக் கறுப்பு இல்லை.

மண்ணில் உட்கார்ந்தபடியே அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வேறு பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா, "இங்க கொண்டாங்க" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்து, வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் உதிர்த்துவிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருந்திருக்குது" என்றார். "செரி. அந்தாண்ட இருக்கறதப் பாருங்க."